பெட்ரோல் வந்த பாதையில் ஜி.டி. நாயுடு

கோயமுத்தூருக்குக் கிழக்கே, சூலூர்ப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1893-ம் வருஷம் மார்ச் மாதம் 23-ந் தேதி அந்த ஊரில் ஒரு விவசாயி வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். தகப்பனார் கோபால்சாமி நாயுடு. தாயாரைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை அது.

அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஜி.டி. நாயுடு என்று நாடெங்கும் பெயர் பெற்றவர். அவரை விஞ்ஞானி என்பார்கள்; இந்தியாவின் எடிசன் என்பார்கள். சவர யந்திரமும், மெல்லிய பிளேடும், ஓட்டுப் பதிவு யந்திரமும் செய்தவர் என்று பள்ளிப் பிள்ளைகள் கூடச் சொல்லும். ஆனால் அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பொருள் தொடர்ந்து வந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தப் பொருள் பெட்ரோல்.

சீமை எண்ணெய்

துரைசாமி பிறந்த காலத்தில் கொங்கு நாட்டுக் கிராமங்களில் பெட்ரோல் என்ற சொல்லே கிடையாது. எண்ணெய் என்றால் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய். கடல் கடந்து வந்த எண்ணெய் ஒன்றே ஒன்றுதான். அது சீமை எண்ணெய் எனப்பட்ட மண்ணெண்ணெய்.

பர்மாவில் ஏனாஞ்சாங் என்ற இடத்தில் மண்ணெண்ணெய்க் கிணறுகள் இருந்தன. 1886-ல் ஸ்காட்லாந்தில் பதிவான பர்மா ஆயில் கம்பெனி அந்த எண்ணெயை ரங்கூனுக்கு அருகில் சுத்தப்படுத்தி, கப்பலில் ஏற்றி, இந்தியாவில் விற்றது. அமெரிக்க ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியும் போட்டியாக வந்து இறங்கியது. நாலு காலன் பிடிக்கும் சதுரத் தகர டின்களில் எண்ணெய் ஊர் ஊராகப் போயிற்று. எண்ணெய் தீர்ந்தாலும் டின் தீரவில்லை. தண்ணீர் சுமக்க அது, தானியம் போட்டு வைக்க அது, வெட்டி விரித்துக் கூரைக்குத் தகடாகப் போட அது. கம்பெனியின் பெயரை வாசிக்கத் தெரியாதவர் வீட்டிலும் கம்பெனியின் டின் இருந்தது.

அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்கு மண்ணெண்ணெய்தான் சரக்கு. அதைக் காய்ச்சி வடிக்கும்போது கூடவே வரும் பெட்ரோல் பெரிய தொந்தரவு. சட்டென்று தீப்பற்றும், விளக்குக்கு ஆகாது, வாங்க ஆளில்லை. மோட்டார் வண்டி வந்த பிறகுதான் அதற்கு விலை வந்தது.

வயல் வழியில் ஒரு வண்டி

துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் ஒத்து வரவில்லை. வாத்தியார் முகத்தில் மணலை வாரி வீசிவிட்டு ஓடிய பையன் அவன். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று. தோட்டத்து வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.

அந்த வேளையில்தான் அது வந்தது. லங்காஷயர் என்ற வெள்ளைக்கார ரெவின்யூ உத்தியோகஸ்தர் ஒருவர் ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைகிளில் அந்தப் பக்கம் வந்து போனார். மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிக்கவும் இல்லை. படபடவென்ற சத்தத்தோடு வண்டி தானாக ஓடுகிறது! பார்த்த கிராமத்தார் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு மறந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். துரைசாமியால் மறக்க முடியவில்லை.

தோட்டத்தை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு வந்தான். ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலை கிடைத்தது. இலை போட்டு, எச்சில் இலை எடுத்து, வந்த சம்பளத்தில் காசு காசாகச் சேர்த்தான். வருஷக்கணக்கில் சேர்த்த சில நூறு ரூபாயோடு அந்தத் துரையிடமே போய் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினான்.

வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான். திரும்பவும் பூட்டினான். பெட்ரோல் எங்கே காற்றோடு கலக்கிறது, பொறி எங்கே பிறக்கிறது, அந்தச் சிறு வெடிப்பு சக்கரத்தை எப்படித் திருப்புகிறது என்பதெல்லாம் அப்படித்தான் அவனுக்குப் பாடமாயிற்று. புத்தகம் சொல்லித் தராத பாடம். அதன் பிறகு மெக்கானிக் வேலை கையோடு வந்துவிட்டது.

நடுவிலே பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலக யுத்த காலம். திருப்பூரில் பஞ்சு அரைத்துப் பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சுச் சந்தையில் போட்டு, சம்பாதித்ததை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த நஷ்டம் ஒரு விதத்தில் கொங்கு நாட்டுக்கு லாபம். பஞ்சு கை கொடுத்திருந்தால் பஸ் வந்திருக்காது.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

கோயமுத்தூரில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். காப்பித் தொழில், பஞ்சாலை, பள்ளிக்கூடம் என்று ஊருக்குப் பலவற்றைத் தொடங்கியவர். கையில் முதல் இல்லாத நாயுடுவை நம்பி அவர் உதவி செய்தார். 1920-ல் நாயுடு ஒரு மோட்டார் பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கிற்று.

பாதையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது சாமர்த்தியம். பொள்ளாச்சி பெரிய சந்தை ஊர். 1915-ல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை ரயில் வந்துவிட்டது. பழனியோ முருகன் ஸ்தலம். வருஷம் முழுவதும் ஜனக்கூட்டம். இரண்டுக்கும் நடுவே, உடுமலைப்பேட்டை வழியாகச் சுமார் 40 மைல் தூரத்துக்கு ரயில் கிடையாது. அது வந்தது 1928-ல்தான். அது வரை மாட்டு வண்டி, இல்லாவிட்டால் கால்நடை. காவடி எடுத்தவன் நடந்தே போவான். அவனுக்கு அது வேண்டுதல். மஞ்சள் மூட்டையோடு போகிற வியாபாரி எதற்காக நடக்க வேண்டும்?

முதல் நாட்களில் நாயுடுவே வண்டி ஓட்டினார். வண்டி கெட்டால் அவரே கீழே படுத்துப் பழுது பார்த்தார். நேரத்துக்குப் புறப்பட்டு நேரத்துக்குப் போய்ச் சேருவது அவருக்கு வெறி. ஆள் சேரும் வரை வண்டியை நிறுத்தி வைப்பது மற்ற பஸ்காரர் வழக்கம்; அவரிடம் அது நடக்காது. ஒரு பஸ் பலவாயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்குச் சீமைச் சாலைகளில் எங்கும் தெரிந்தது. பஸ்களோடு பட்டறையும் வளர்ந்தது. இந்தியாவிலேயே ஒழுங்காக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அதற்குப் பெயர் வந்தது.

பஸ் முதலாளியின் கணக்கு நோட்டில் மூன்று செலவுகள் பெரியவை: ஆள் சம்பளம், டயர், பெட்ரோல். சம்பளத்தை அவர் தீர்மானிக்கலாம். டயர் தேய்வதைக் கொஞ்சம் குறைக்கலாம். பெட்ரோல் விலை மட்டும் அவர் கையில் இல்லை. அது யார் கையில் இருந்தது?

ஸ்காட்லாந்துக் கோட்டையில் ஒரு உடன்படிக்கை

இந்தக் கதையில் சற்று வெளிநாட்டுப் பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது. 1927-ல் இந்தியாவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. துப்பாக்கிச் சண்டை அல்ல, மண்ணெண்ணெய் விலைச் சண்டை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று ரஷ்யாவிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கி இந்தியாவில் விற்றது. ராயல் டச்சு ஷெல் கம்பெனியின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங்குக்குக் கோபம் வந்துவிட்டது. ரஷ்யாவில் அவருடைய கம்பெனியின் கிணறுகளைப் புரட்சி சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணெயையா நம் சந்தையில் விற்பது என்று அவர் இந்தியாவில் விலையை வெட்டினார். எதிரியும் வெட்டினான். சண்டை மற்ற தேசங்களுக்கும் பரவிற்று.

இரு தரப்புக்கும் நஷ்டம். 1928-ல் உலகத்தின் பெரிய எண்ணெய் கம்பெனித் தலைவர்கள் ஸ்காட்லாந்தில் ஆக்னகாரி என்ற கோட்டையில் கூடினார்கள். இனி ஒருவர் சந்தையில் ஒருவர் புகுவதில்லை என்று பேசி முடித்தார்கள். எந்தக் கிணற்றில் எடுத்த எண்ணெயானாலும், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்ததாகக் கணக்குப் போட்டு விலை வைப்பது என்ற முறை அந்தக் காலத்தில் வேரூன்றியது. அதாவது, பக்கத்துப் பாரசீகத்தில் எடுத்த எண்ணெய்க்கும் அமெரிக்காவிலிருந்து வரும் கப்பல் கூலியைச் சேர்த்து இந்தியாக்காரன் கொடுத்தான்! அதே 1928-ல் பர்மா ஆயில் கம்பெனியும் ஷெல்லும் இந்தியாவில் சேர்ந்து பர்மா ஷெல் என்ற கம்பெனியாயின. சாலை ஓரத்தில் பம்புகள் முளைத்தன. டின் பெட்ரோல் மெல்ல மறைந்தது.

உடுமலைப்பேட்டைச் சாலையில் பஸ் ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு வார்த்தை பேச இடமில்லை. விலை சொன்னார்கள், கொடுத்தார். தன் கைக்கு எட்டுகிறதை அவர் செய்தார். எஞ்சினைச் செம்மையாக வைத்துக்கொண்டார். பழுது வரும் வரை காத்திராமல் முன்கூட்டியே சோதித்தார். வீணாக ஓடும் ஒவ்வொரு மைலும் யாரோ ஒரு கம்பெனிக்கு இலவசமாகக் கொடுக்கும் காசு என்பது பஸ் தொழிலில் இருப்பவன் எவனுக்கும் தெரியும். நாயுடுவைப் போல அதைத் தினமும் நினைத்துத் தொழில் நடத்தியவர்கள் அதிகம் இல்லை.

கரி வண்டி நாட்கள்

1939-ல் யுத்தம் வந்தது. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷார் தாங்களே எண்ணெய்ச் சுத்தி ஆலையை நாசமாக்கிவிட்டுப் பின்வாங்கினார்கள். அரை நூற்றாண்டாக விளக்கெரித்த பர்மா எண்ணெய் ஒரு மாதத்தில் நின்றது. இந்தியாவுக்குள் கிணறு இருந்தது அஸ்ஸாமில் டிக்பாய் போன்ற ஒரு சில இடங்களில்தான். அது பட்டாளத்துக்கே போதாது.

பஸ்களின் முதுகில் ஒரு பெரிய உருளை முளைத்தது அப்போதுதான். அதற்குள் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டுப் புகைய வைப்பார்கள். கரி முழுதும் எரியாமல், எரியக்கூடிய ஒரு வாயு கிளம்பும். அதை வடிகட்டி, குளிர வைத்து, எஞ்சினுக்கு அனுப்பினால் பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடும். ஓடும் என்றால், சமதரையில் ஓடும். மேட்டில் திணறும். அங்கே பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். விடியற்காலையில் பஸ்ஸுக்கு முன்னால் எழுந்திருப்பவன் கரி போடும் பையன். கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதி, முகமெல்லாம் கரியாக நிற்பான். டிக்கெட் வாங்கியவன் சட்டையிலும் கொஞ்சம் கரி ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாட்களைக் கண்ட கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பெட்ரோல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எவ்வளவு சுலபமாக நின்று போகும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கம்பியில் வந்த சக்தி

ஆனால் கொங்கு நாடு அதற்குள் இன்னொரு வழியில் காலெடுத்து வைத்திருந்தது. நீலகிரியில் பைக்காரா ஆற்றைத் திருப்பி 1932-ல் மின்சாரம் எடுத்தார்கள். அது கம்பி வழியே கோயமுத்தூருக்கு இறங்கிற்று. பஞ்சாலைகள் பெருகின. அதைவிடப் பெரிய மாறுதல் தோட்டங்களில்.

கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. பாறையை வெடி வைத்து இறக்கியவை. இரண்டு மாடுகளைக் கட்டிக் கவலை இறைத்தால் ஒரு பகல் முழுதும் இறைத்து ஒரு துண்டு நிலம்தான் நனையும். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் ஆயில் எஞ்சின் வைத்தார்கள். அதற்கு மறுபடியும் எண்ணெய், மறுபடியும் கம்பெனி. மின்சார மோட்டார் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மோட்டார் சீமையிலிருந்து வரவேண்டும்.

1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் நியூ எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அது சொல்லப்படுகிறது. அந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றவர் டி. பாலசுந்தரம் நாயுடு, பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவியவர். பின்னாளில் கோயமுத்தூர் என்றாலே மோட்டாரும் பம்பு செட்டும் என்று இந்தியா முழுவதும் ஆனதற்கு விதை பீளமேட்டில் விழுந்தது.

இடையிலே அவர் ஐரோப்பாவும் அமெரிக்காவும் போய்வந்தார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சவ ஊர்வலத்தைத் தம் காமிராவிலேயே படம் பிடித்தார். ரேசண்ட் என்ற மின்சார சவர யந்திரத்தைச் செய்தார். சின்ன மோட்டார், அதற்குப் பாட்டரி. சுவரில் மின்சாரம் இல்லாத ஊரிலும் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணத்தில் எப்போதும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் அவருடைய மண்ணெண்ணெய் விசிறி. கம்பி வராத கிராமத்து வீட்டில் மண்ணெண்ணெயை எரித்தே விசிறி சுற்றும். விளக்குக்கு மட்டும் பழகியிருந்த சீமை எண்ணெய்க்கு அவர் இன்னொரு வேலை கொடுத்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். சாமான்யன் வாங்கக்கூடிய விலையில் சாமான் வேண்டும். அவர் தொட்டதெல்லாம் இந்தக் கணக்கில்தான் முடிந்தது.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

அந்தக் கணக்கு உச்சிக்குப் போனது 1952-ல். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்னக் கார் ஒன்றை நாயுடு செய்தார். பெட்ரோல் எஞ்சின். விலை 2,000 ரூபாய்! அப்போது விற்ற கார்கள் அதைப் போலப் பல மடங்கு விலை. வக்கீலும் டாக்டரும் மில் முதலாளியும் வாங்கலாம். வாத்தியாரும் குமாஸ்தாவும் வாங்க ஒரு கார் என்றால் அது நாயுடுவின் கார்தான்.

அந்தக் கார் சாலைக்கு வரவில்லை. சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை.

காலம் அப்படி. 1951-ல் இயற்றிய தொழில் வளர்ச்சி ஒழுங்குச் சட்டம் 1952 மே மாதத்தில் அமலுக்கு வந்திருந்தது. எந்தப் பெரிய தொழிலுக்கும் டில்லியின் அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டு நாணயத்துக்குப் பஞ்சம், எஃகுக்குப் பஞ்சம். பெட்ரோல் நிலைமையோ இன்னும் மோசம். 1951-ல் ஈரானில் மொஸாடெக் சர்க்கார் எண்ணெய்த் தொழிலைத் தேச உடைமை ஆக்கிற்று. தகராறு முற்றி, உலகத்திலேயே பெரிய அபதான் சுத்தி ஆலை மூடிக்கிடந்தது. இந்தியாவுக்கு எண்ணெய் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது அங்கிருந்துதான். அதன் பிறகே சர்க்கார் விழித்துக்கொண்டு, பம்பாய் டிராம்பேயில் ஆலை கட்ட அமெரிக்க ஸ்டான்வாக் கம்பெனியோடும் பர்மா ஷெல்லோடும் ஒப்பந்தம் செய்தது. அவை 1954, 1955-ல் வேலை தொடங்கின. விசாகப்பட்டினத்தில் கால்டெக்ஸ் 1957-ல்.

இப்படிப்பட்ட வேளையில் ஆயிரக்கணக்கில் புதுக் கார்களை விட்டால் பெட்ரோலுக்கு எங்கே போவது என்று டில்லியில் யாரேனும் நினைத்திருந்தால், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதே டில்லி மற்ற கம்பெனிகளின் கார்களை அனுமதித்தது. பெரிய கார் அதிகம் குடிக்கும்; சின்னக் கார் குறைவாகக் குடிக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், நாயுடுவின் காரை அல்லவா முதலில் விட்டிருக்க வேண்டும்?

மாருதி கார் வந்தது 1983 டிசம்பரில். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று டாட்டா நானோ வந்தது 2009-ல். கலங்கல்காரர் கார் அதற்கு 57 வருஷம் முந்தியது. இரண்டாயிரம் ரூபாய்க்கு அவரால் தொடர்ந்து விற்றிருக்க முடியுமா, நஷ்டப்பட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்கலாம்.

சர்க்காரோடு அவருக்கு ஏற்பட்ட மனக்கசப்பு இது ஒன்றினால் மட்டும் அல்ல. வரி விஷயத்தில் நீண்ட தகராறு. அதற்கு முன்பே கல்வி விஷயத்தில் ஒன்று. 1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றியபோது முக்கிய நன்கொடையாளர் அவர்தான். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயரை அதற்கு வைத்தார்கள். பின்னால் பொறியியல் கல்லூரியும் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவர் அங்கே பிரின்ஸ்பாலாக உட்கார்ந்தார்! எஞ்சினீயருக்கு நாலு வருஷப் படிப்பு தண்டம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. விலகிக்கொண்டார். கழற்றிப் பூட்டிக் கற்றவருக்கு அப்படித்தான் தோன்றும். எல்லாப் பிள்ளைகளும் துரைசாமி அல்லவே என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கம்பெனிகளோடு டில்லியின் மல்லுக்கட்டு

நாயுடு முதுமையை நெருங்கிய வருஷங்களில் பெட்ரோல் உலகமே மாறத் தொடங்கிற்று. 1956-ல் எண்ணெய், இயற்கை எரிவாயு கமிஷன் ஏற்பட்டது. 1959-ல் இந்தியன் ஆயில் கம்பெனி. 1960-ல் குஜராத்தில் அங்கலேஸ்வரத்தில் எண்ணெய் கண்டார்கள். அதே வருஷம் சோவியத் ரஷ்யா மலிவு விலையில் கச்சா எண்ணெய் தருவதாகச் சொல்லிற்று. இந்தியாவில் ஆலை வைத்திருந்த அந்நியக் கம்பெனிகள் அதைச் சுத்தப்படுத்திக் கொடுக்க மறுத்துவிட்டன. தங்கள் சொந்தக் கிணற்று எண்ணெய்தான் தங்கள் ஆலைக்கு என்றன. மத்திய மந்திரி கே.டி. மாளவியா விடவில்லை. சுத்தப்படுத்திய எண்ணெயையே ரஷ்யாவிலிருந்து இந்தியன் ஆயில் இறக்குமதி செய்தது. விலையை ஆராய 1961-ல் தாம்லே கமிட்டி அறிக்கை கொடுத்தது. 33 வருஷத்துக்கு முன் ஆக்னகாரிக் கோட்டையில் போட்ட முடிச்சு அவிழ ஆரம்பித்தது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு ஆலை வந்தது. சென்னைக்கு அருகே மணலியில் 1969-ல் அது உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்கு மூன்று வருஷம் முன்னே, 1966-ல், கொச்சியில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயமுத்தூருக்குக் கொச்சி பக்கம்.

1973 அக்டோபரில் மேற்காசியாவில் யுத்தம் மூண்டது. அரபு தேசங்கள் எண்ணெய்க் குழாயைத் திருகின. யுத்தத்துக்கு முன் ஒரு பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த அறிவிப்பு விலை, 1974 ஜனவரி முதல் தேதியில் 11.65 டாலர் ஆயிற்று. உலகத்தில் பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலம் அன்றோடு முடிந்தது.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 4-ந் தேதி, ஜி.டி. நாயுடு காலமானார். வயது 80.

இருகூர்

அவர் மறைந்த வருஷத்திலேயே எஸ்ஸோ கம்பெனி தேச உடைமை ஆயிற்று. 1976-ல் பர்மா ஷெல்லும் சர்க்கார் கைக்கு வந்தது. பின்னர் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறிற்று. கால்டெக்ஸும் அதே வருஷம் வந்தது. நாயுடு வாழ்நாள் முழுதும் விலை கொடுத்து வாங்கிய பழைய கம்பெனிகளின் பலகைகள் கொங்கு நாட்டுச் சாலைகளிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின.

கலங்கலிலிருந்து மேற்கே அதிக தூரமில்லாத இருகூரில் பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் எழுந்தன. 2002-ல் கொச்சியிலிருந்து கோயமுத்தூர் வழியாகக் கரூர் வரை சுமார் 290 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் குழாய் போட்டு எண்ணெய் கொண்டு வந்தார்கள். டின் போயிற்று, ரயில் டாங்கி குறைந்தது, குழாய் வந்தது. பிறகு இருகூரிலிருந்து கர்நாடகத்துத் தேவனகொந்தி வரை இன்னொரு குழாய் என்றார்கள். கொங்கு நாட்டு விவசாயிகள் எழுந்து நின்றார்கள். பரம்பரைத் தோட்டத்தின் நடுவே குழாய் போனால் அதன் மேல் தென்னை வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

கோயமுத்தூர் அவிநாசி சாலையில் நாயுடுவின் காட்சிக்கூடம் இருக்கிறது. 2015-ல் அங்கே பழைய கார்களுக்கென்று தனியாக ஒரு கூடம் திறந்தார்கள். பல தேசத்துக் கார்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். அதே சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ந் தேதி திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர்.